ஏழாம் எண் பாட்டில்

"ஏறக்குறைய" என்ற சொல்லை அக்கா சொல்லி நான் கேட்டதே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், நேற்று ஒன்பது பத்துக்கு வந்தது, இன்றைக்கு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது என்பார். மதியச் சாப்பாட்டில் என் குழம்பைக் கொஞ்சம் அவருக்கு ஊற்றி, எப்படி இருக்கிறது என்று கேட்டால், உப்பு கம்மி, புளி சரி, மீனை இன்னும் தொடவில்லை என்று பதில் வரும். மீனைத் தொட்ட பிறகு மீனைப் பற்றித் தனியாகச் சொல்வார். ஆய்வகத்தில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மாற்றிக்கொள்ள மாட்டார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை கெடுத்தவன் நான். மறுபடியும் அதைக் கையால் தொடக் கூச்சமாக இருக்கிறது. அக்கா என்றே எழுதுகிறேன். அப்படிக் கூப்பிடும் தகுதி எனக்கு இன்னும் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

புதுச்சேரியில் ஒரு பொறியியல் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, அவர் அங்கே திட்ட உதவியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் தற்காலிக வேலை. அவருடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியதும் அக்காவின் படிப்பு வேதியியல் இளங்கலையோடு நின்றுபோனது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது, அவருக்கு நாற்பது. உப்பளம் பகுதியில் ஒரு சொல்தா வீட்டு மாடியில் தங்கை குடும்பத்தோடு குடியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் இன்றும் சொல்வோம்.

அந்த வீட்டுக்கார அம்மாவின் கதை ஒன்று உண்டு. காரைக்காலில் இருந்த அவருடைய அக்காள் உயிரோடு இருக்கிறார் என்று பிரெஞ்சு பென்ஷனுக்கான ஒரு தாளில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தெருவில் யாரோ ஒருவர் போட்டுவிட்டார். இரண்டாவது கையெழுத்துக்கு அக்காவிடம் வந்தார்கள். நான் அவரைப் பார்த்ததே இல்லையே, எப்படிப் போடுவது என்றார் அக்கா. நேற்று இரவு போனில் பேசினேன், இருமல்கூடக் கேட்டது என்று வீட்டுக்கார அம்மா சொல்லிப் பார்த்தார். இருமலை நீங்கள் கேட்டீர்கள், நான் கேட்கவில்லை என்றார் அக்கா. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போய், அந்தக் கிழவியைப் பார்த்து, அவர் போட்டுக் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்து, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார். போய்வந்த களைப்பில் திங்களன்று ஆய்வகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்ததையும் பதிவேட்டில் எழுதினார்.

தங்கை மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க இவரையும் அழைத்துப் போனார்கள். வந்ததும் ஆளாளுக்கு, தங்கமான பையன், நல்ல குடும்பம் என்று பேசிக்கொண்டிருக்க, அக்காவிடம் கேட்டார்கள். இரண்டு அறை, காற்று வருகிறது, பையன் தன் அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான், குணம் பார்க்கவில்லை என்றார். குணத்தைப் பார்க்க ஒரு மத்தியானம் போதாது என்றும் சொன்னார். தங்கை ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. கல்யாணம் நடந்தது. அந்தப் பையன் நல்லவனாகவே இருந்தான். அதை அக்காவே இரண்டு வருடம் கழித்து, "இப்ப பாத்துட்டேன், நல்ல புள்ள" என்று எங்களிடம் அறிவித்தார்.

ஆய்வகத்தில் அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வடிகட்டிய நீர் நிறைந்த பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கருவியில் அளந்து வரும் எண்ணை எழுதும் முன் தன் கண்ணில் பட்ட நிறத்தை எழுதுவார். தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு கிழித்து, அடித்தது என்ன என்று படிக்க முடிகிற மாதிரி விட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்.

ஒருமுறை மண்ணை உலர்த்த அடுப்பில் வைத்திருந்தேன். இருபத்து நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். எனக்கு அவசரம். முன்னதாகவே எடுத்து எடை போட்டுவிட்டு, ஏட்டில் இருபத்து நான்கு என்று எழுதிவிட்டேன். மறுநாள் பார்த்தால் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் இருபது மணி பதினைந்து நிமிடம் என்று அவர் கையெழுத்தில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. நாலு மணி நேரத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் வராம போவலாம் தம்பி. பாத்தத எழுதுங்க. பாக்காதத உட்ருங்க" என்றார்.

அதே வருடம் எனக்கு டெங்கு வந்து பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். என் சோதனைகள் பாதியில் நின்றால் ஒரு மாத உழைப்பு வீண். அக்கா அவருடைய வேலையோடு என் வேலையையும் பார்த்தார். நான் திரும்பி வந்தபோது பத்து நாளுக்கும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் மட்டும் காலியாக இருந்தது. அன்றைக்கு மின்சாரம் இல்லை, எதையும் பார்க்கவில்லை என்று ஒரு வரி. என்னைப் பார்க்க அவர் மருத்துவமனைக்கு வந்தபோது, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தேன். போன தடவைக்கு இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், மெலிந்திருக்கிறீர்கள் என்றார். மற்றவர்களெல்லாம் நன்றாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில், அவர் ஒருவர் சொன்னதைத்தான் நான் நம்பினேன்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

என் ஆய்வு இதுதான். புதுச்சேரிக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. அச்சுக்குப் பயன்படுத்தும் மணல் சில தடவைகளுக்குப் பிறகு கறுத்து உதவாமல் போகும். அதைக் குவியல் குவியலாகக் கொட்டி வைப்பார்கள். அந்த மணலைக் களிமண்ணோடும் கொஞ்சம் சுண்ணாம்போடும் கலந்தால் சாலைக்கு அடித்தளமாகப் போடலாம். கிராவல் தோண்ட வேண்டாம், மலைகளை உடைக்க வேண்டாம், குப்பையும் குறையும். கலவை வண்டிப் பாரத்தைத் தாங்குமா என்பது பாதிக் கேள்வி. மழைநீர் அதன் வழியாக இறங்கும்போது விஷமாக எதையாவது கரைத்து நிலத்தடி நீருக்குக் கொண்டுபோகுமா என்பது மறு பாதி. முதல் பாதியை நான் பார்த்தேன். மறு பாதியை அக்கா பார்த்தார்.

ஒரு பட்டறையின் குவியலில் பன்னிரண்டு இடங்களில் மணல் எடுத்தோம். ஒவ்வொன்றையும் தண்ணீரோடு பாட்டிலில் போட்டு, குலுக்கும் இயந்திரத்தில் பதினெட்டு மணி நேரம் வைத்து, வடிகட்டி, அந்த நீரை அளந்தோம். பதினொரு பாட்டில்கள் சுத்தமாக இருந்தன. ஏழாம் எண் பாட்டிலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்த அக்கா நெடுநேரம் கீழே வைக்கவில்லை. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்ட மாதிரி மஞ்சள் என்று எழுதினார். கருவியில் அளந்தபோது குரோமியம் இருந்தது. கொஞ்சமாக இல்லை. உடம்புக்கு ஆகாத வகையும் அதில் இருந்தது.

மறுபடியும் அதே இடத்தில் மணல் எடுக்க வேண்டும் என்றார் அக்கா. அதற்குள் அந்தக் குவியலை லாரிகளில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயிகள் தெருவுக்கு மாதிரிச் சாலை போடுவதாக முடிவாகி, நாளும் குறித்தாகிவிட்டது. அக்கா ஒரு மதியம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போனார். குவியலில் காந்தம் வைத்து இரும்புத் துண்டு பொறுக்கும் ஒரு பெண் அவரிடம், பக்கத்தில் இருக்கும் குரோமிய முலாம் பூசும் பட்டறைக்காரர்கள் சில நாள் விடியற்காலையில் தொட்டிச் சேற்றைக் கொண்டுவந்து குவியலின் பின்பக்கம் கொட்டிவிட்டுப் போவார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஏழாம் எண் மணல் பின்பக்கத்தில் எடுத்தது.

இதை எங்கள் பேராசிரியரிடம் சொல்ல நானும் அக்காவும் போனோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தது. அந்தச் சாலையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, சேறு கொட்டியதை நீ பார்த்தாயா என்று அக்காவைக் கேட்டார். இல்லை, அந்த அம்மா பார்த்தார்கள் என்றார் அக்கா. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள்.

பேராசிரியர் ஏட்டைப் புரட்டினார். பன்னிரண்டில் ஒன்று மட்டும் இப்படி என்றால் பாட்டிலில் ஏதாவது பழைய மிச்சம் ஒட்டியிருக்கலாம் என்றார்.

"நான் கழுவினேன் சார். ஆசிட்ல ஊறவச்சி, நல்ல தண்ணியில மூணு தடவ. தம்பி பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாரு" என்றார் அக்கா.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "நீ பாத்தியாப்பா?"

நான் பார்த்திருந்தேன். டீ கிளாஸோடு அவருக்குப் பக்கத்தில் நின்று, நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட ஒரு கல்லூரியைப் பற்றி வளவளவென்று பேசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டிலையும் அவர் மூன்று முறை அலசிக் கவிழ்த்ததைப் பார்த்தேன். ஈரத்தில் ஒரு பாட்டிலின் எண் அழிந்துபோக, அவர் கை ஈரமாக இருந்ததால் என்னை எழுதச் சொன்னார். அதில் ஏழு என்று எழுதியது என் கை.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

ஆய்வேட்டை அந்த மாதம் ஒப்படைக்காவிட்டால் இன்னொரு வருடம் ஆகும். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட அந்தக் கல்லூரி வேலை கைவிட்டுப் போகும். இவை காரணங்கள். இன்னொன்றும் இருந்தது, அது அசிங்கமானது. எப்போதும் சரியாகவே இருக்கும் அவர் ஒரே ஒரு தடவை தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குள் எங்கேயோ ஓர் ஆசை இருந்தது.

அக்கா என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வாதாடவில்லை. மேசையில் இருந்த ஏட்டைத் தன் பக்கம் இழுத்து, ஏழாம் எண்ணுக்குக் கீழே, 'பாட்டிலைக் கழுவியது நான். கழுவியதை வேறு யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பொய்யன் என்று அவர் எழுதவில்லை. நான் சொன்னதை மட்டும் எழுதினார்.

பதினொரு பாட்டில்களை வைத்து என் கட்டுரை வெளிவந்தது. அடுத்த மாதம் அக்காவின் வேலை புதுப்பிக்கப்படவில்லை. அலுவலகக் கோப்பில், ஆய்வகப் பணியில் போதிய கவனம் இல்லை என்று ஒரு வரி. அதை நான் படித்தேன். படித்துவிட்டு என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கடைசி நாளில் அவர் சாவிகளையும் பொருள் பட்டியலையும் என்னிடம்தான் ஒப்படைத்தார். உடைந்த பாட்டில்கள் இரண்டு, ஒன்று நான் உடைத்தது, ஒன்று அவர் உடைத்தது என்று பட்டியலில் இருந்தது. சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் பாராமலே கையெழுத்துப் போட்டேன். பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக எண்ணினேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சாலை நன்றாக அமைந்தது. இரண்டு பெருமழையில் பக்கத்துத் தெருக்கள் பெயர்ந்து போக, இது மட்டும் அப்படியே இருந்தது. ஊர் ஊராகப் போய் அதன் படத்தைத் திரையில் போட்டுப் பேசினேன். அந்தப் படத்தின் ஓரத்தில், தெருக்கோடியில் ஒரு அடிபம்பு தெரியும். அடுத்த படத்துக்கு நான் சீக்கிரம் போய்விடுவேன்.

ஒன்பது வருடம் கழித்து, நான் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில், என் மாணவி ஒருத்தி அந்தக் கட்டுரையோடு வந்தாள். குவியலின் வரைபடத்தில் பன்னிரண்டு புள்ளிகள் இருக்கின்றன, அட்டவணையில் பதினொன்றுதான் இருக்கிறது, பன்னிரண்டாவது எங்கே சார் என்று கேட்டாள். சந்தேகமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒரு பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்றேன். சரி சார் என்று குறித்துக்கொண்டாள். இன்னும் ஒரு ஆள் அதை எழுதிக்கொள்வதைப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை தவளக்குப்பம் போய் அங்கிருந்து நடந்தேன். அடிபம்பில் ஒரு பெண் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன பாட்டிலைப் பார்த்துவிட்டு, லேபில் இருந்து வருகிறீர்களா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். ஒவ்வொரு வருடமும் மழை முடிந்த பிறகு ஓர் அக்கா வந்து இதேபோலத் தண்ணீர் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார் என்றார். உப்பளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை என்று சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ரத்தக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"சொல்லுங்க சார்" என்றார்.

ஆறு வருடம் தம்பி என்று கூப்பிட்டவர்.

வெளியே வந்து நின்று பேசினார். வருடத்துக்கு ஒன்றாகப் பாட்டில்கள் வீட்டில் இருக்கின்றன என்றார். அவற்றைக் கொடுங்கள், நான் சோதிக்கிறேன் என்றேன். பழைய நீர் சாட்சிக்கு ஆகாது, பாட்டிலின் சுவரில் உலோகம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைவைத்து எதையும் சொல்லக் கூடாது, புதிதாக எடுங்கள் என்றார். தன் ஒன்பது வருட வேலையை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார். இத்தனை வருடம் கண்ணால் மட்டும்தான் பார்த்தேன், மஞ்சள் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லக் கருவி வேண்டும், அது என்னிடம் இல்லை என்றார். எந்த அலுவலகத்திலாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பாட்டில் கழுவத் தெரியாதவன்னு எழுதி வெளிய அனுப்புன பொம்பள போயி தண்ணியில வெஷம் இருக்குதுன்னு சொன்னா யாரு கேப்பாங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை.

நானே பாட்டில்களைக் கழுவினேன். அடிபம்பிலும், மூன்று வீட்டு ஆழ்துளைக் கிணறுகளிலும் தண்ணீர் எடுத்தேன். இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினேன். கிணறுகள் ஆழமானவை, தப்பித்தன. அடிபம்பில் குரோமியம் இருந்தது. குடிக்கலாம் என்ற அளவைத் தாண்டியிருந்தது.

உரிய அதிகாரிகளுக்கு எழுதினேன். கட்டுரை வெளியிட்ட இதழுக்கும் எழுதினேன். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். துறைப் பொறுப்பில் இருந்து என்னை எடுத்தார்கள். அதெல்லாம் பெரிதில்லை. அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வந்த அன்று நானும் போயிருந்தேன். சாலையின் கீழே இருப்பதை எப்படித் தோண்டி எடுப்பது என்று அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பு பார்த்த அதே பெண் வந்து, எத்தனை வருடமாக இது தண்ணீரில் இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். என் பையனுக்கு நாலு வருடமாகத் தோலில் அரிப்பு, இதனாலா என்றார். அதுவும் தெரியாது என்றேன். இரண்டும் உண்மை. தெரிந்திருக்க வேண்டியவன் நான் என்பதும் உண்மை. பையனைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முடிவுகளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். தாளை வாங்கி ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிதான் அக்கா என்றேன். ஒரு பாட்டிலில் இருந்ததைத்தான் சொன்னேன், இந்தத் தண்ணீரைப் பற்றி அன்றைக்கு எனக்கு என்ன தெரியும் என்றார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் சொன்னேன். "நீங்க கழுவுனத நான் பாத்தேன்க்கா. மூணு தடவையும் பாத்தேன்."

"ஏழுன்னு எழுதுனது நீங்கதான?" என்றார். நான்தான் என்றேன். தலையை ஆட்டினார்.

"இத எங்கிட்ட சொல்லி என்னா ஆவும் சார்? அன்னிக்கி யாரு எதுர்ல சொன்னீங்களோ அவர்கிட்ட போயி சொல்லுங்க."

பேராசிரியர் லாசுப்பேட்டையில் மகன் வீட்டில் இருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் என்னை உட்காரச் சொன்னார். அடிபம்பு, கட்டுரை எல்லாம் அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. பாட்டில் கழுவியதை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று உங்களிடம் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்ப்பா. அந்தம்மா கழுவறத வருசக்கணக்கா பாத்தவன் நான். சந்தேகமே கெடையாது" என்றார். பிறகு, "நீ பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரோட்ட நிறுத்தியிருப்பேன். என்னைய நிறுத்த ஒரு ஆளு தேவப்பட்டுது. நீ கவனிக்கலன்னு சொன்ன. எனக்கும் அது சௌகரியமா போச்சு" என்றார்.

அது முழு உண்மையா, பழியில் பாதியை என் தலையில் இறக்கிவைக்கச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னால் மறுக்க முடியவில்லை.

கீழே இறங்கி, தெருவோரம் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன் என்றேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் எதையும் கூட்டாமல் குறைக்காமல், பேராசிரியர் சொன்ன சொற்களிலேயே சொன்னேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. இரண்டு இடத்தில் நின்று நினைவுபடுத்திக்கொண்டு சொன்னேன்.

அந்தப் பக்கம் யாரோ ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார் அக்கா.

ஆமாம் என்றேன்.

"நாந்தான் இந்த ஒம்போது வருசமா, ஒருவேள அந்த ஏழாம் பாட்டில மட்டும் ரெண்டு தடவ அலசி உட்டுட்டனோன்னு நெனச்சி நெனச்சிப் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

அப்புறம், ஆள் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.